வண்டி வராத சரளைச் சாலைகள்: தென் ஸ்காட்லாந்து மலைநாட்டில் சைக்கிள்

தென் ஸ்காட்லாந்தில், மேற்கே ஐரிஷ் கடலோரத்தில் எழுந்து கிழக்கே வடகடல் வரை நீளும் மலைநாட்டுக்குச் சதர்ன் அப்லண்ட்ஸ் என்று பெயர். உயரத்தில் இது பெரிய மலைநாடு இல்லை. காலோவே பகுதியிலுள்ள மெரிக் 843 மீட்டர். ட்வீட் ஆற்றின் தலைமாட்டிலுள்ள பிராட் லா 840 மீட்டர். இவற்றை மிஞ்சும் சிகரம் இங்கே கிடையாது. ஆனால் சமதரையும் அரிது. உருண்ட குன்றுகளும், அவற்றை அறுத்துக்கொண்டு ஓடும் குறுகிய பள்ளத்தாக்குகளுமாக நாடு முழுக்க ஏறி இறங்குகிறது. மக்கள் தொகையும் குறைவு. டம்ஃப்ரீஸ்-காலோவே மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,400 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்பவர்கள் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. குன்றுகளில் செம்மறி ஆடு மேய்கிறது, அல்லது ஸ்ப்ரூஸ் மரம் நிற்கிறது. அந்த மேய்ச்சல் நிலங்களுக்கும் காடுகளுக்கும் ஊடாகத் தார் காணாத சரளைச் சாலைகள் பின்னிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் வாயிலில் கேட் போட்டிருக்கும். கார் உள்ளே போக முடியாது, சைக்கிள் போகலாம்.

அகலமான டயரும், வளைந்த ஹேண்டில்பாரும், மிகக் குறைந்த கியரும் கொண்ட கிராவல் சைக்கிள் தனி வகையாக உருவெடுத்தது அமெரிக்காவில். கான்சஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் புல்வெளியில் 2006இல் தொடங்கிய நீண்ட தூரப் பந்தயம் அதற்குப் பெரிய உந்துதலாக அமைந்தது. அங்குள்ள சரளைச் சாலைகள் பொதுச் சாலைகள். வண்டிகள் அருகிப் போனவை, ஆனால் தடுக்கப்படாதவை. பிரிட்டனில் அதற்கு வெகுகாலம் முன்பே, 1955இல், சாதாரணப் பயண சைக்கிளைக் கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓட்டுபவர்கள் ரஃப்-ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்ற சங்கத்தை அமைத்திருந்தார்கள். இரண்டு மரபும் தென் ஸ்காட்லாந்தில் சந்திக்கின்றன. ஆனால் அங்கே வண்டியில்லாமல் இருப்பது தற்செயல் இல்லை. கேட்டும் சட்டமும் சேர்ந்து அதை உண்டாக்கியிருக்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இந்தச் சாலைகளில் ஏறத்தாழ எதுவும் சைக்கிளுக்காகப் போடப்பட்டதில்லை. மரம் வெட்டவும், அணை கட்டவும், காற்றாலை நிறுத்தவும், மாடு ஓட்டவும், ரயில் விடவும் போட்டவை அவை. எங்கே தொடங்கும், எங்கே திடீரென்று முடியும், எந்த ஆண்டு நன்றாக இருக்கும், எந்த ஆண்டு கெட்டுப்போகும் என்பதெல்லாம் அந்தந்தத் தொழிலின் கணக்குப்படிதான் நடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

கல்லும் சக்கரமும்

சரளைச் சாலையின் வரலாறும் சைக்கிளின் வரலாறும் இந்த மலைநாட்டில் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகின்றன. சாலைக் கல்லின் இலக்கணத்தை மாற்றிய ஜான் லவுடன் மெக்காடம் 1756இல் ஏர் நகரில் பிறந்தவர். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சுங்கச்சாலைகளின் பொறுப்பை ஏற்று, அங்கே தம் முறையை நடைமுறைப்படுத்தினார். 1836இல் அவர் இறந்தது சதர்ன் அப்லண்ட்ஸின் நடுவிலுள்ள மொஃபட் ஊரில், அடக்கமும் அங்கேதான். அவருடைய முறை எளியது. சுமையைத் தாங்குவது அடியிலுள்ள இயற்கை மண்தான். அது உலர்ந்திருந்தால் போதும். மேலே போடும் கல் உருண்டையாக இருக்கக் கூடாது, உடைத்த கோணக் கல்லாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆறு அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 170 கிராமுக்கு, மேற்படக் கூடாது. களிமண் கலக்கக் கூடாது. சக்கரங்கள் ஏற ஏறக் கற்களின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகும். நீர் இருபுறமும் வழிந்தோட, சாலையின் நடு சற்றே உயர்ந்திருக்க வேண்டும். தார் ஊற்றும் வழக்கமெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. மெக்காடம் போட்டது இன்றைய கணக்கில் ஒரு நல்ல ஜல்லிச் சாலை. கனமான அடித்தளக் கற்களை நம்பிய இன்னொரு பெரும் சாலைப் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் 1757இல் பிறந்ததும் இதே மலைநாட்டின் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில்தான்.

டம்ஃப்ரீஸ் அருகே கீர் என்ற சிற்றூரின் கொல்லர் கிர்க்பாட்ரிக் மெக்மில்லன், 1839 வாக்கில் மிதிகளும் இணைப்புக் கம்பிகளும் கொண்டு பின்சக்கரத்தை இயக்கும் இருசக்கர வண்டியைச் செய்தார் என்று ஸ்காட்லாந்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கூற்று அரை நூற்றாண்டுக்குப் பிறகே எழுந்தது. அக்காலத்து ஆவணச் சான்று மெலிந்தது. சைக்கிள் வரலாற்றாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஆனால் டயரின் கதையில் அத்தகைய ஐயம் இல்லை. காற்றடைத்த டயருக்கு முதலில் 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்டோன்ஹேவனில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். அது மறக்கப்பட்டுவிட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்துச் சைக்கிளுக்குப் பொருத்தினார். அவர் பிறந்த ட்ரெகார்ன், மெக்காடத்தின் ஏர் நகருக்கு வடக்கே உள்ளது. கோணக் கல் போட்ட சாலையும் காற்றடைத்த டயரும் இன்றைய கிராவல் சைக்கிள் ஓட்டத்தின் இரண்டு கால்கள். இரண்டுக்கும் இங்கே வேர் இருக்கிறது.

சாலைகளைப் போட்டவர்கள்

இந்த மலைகளின் மிகப் பழைய தடங்களில் இன்றும் பயன்படுபவை மாட்டு வழிகள். பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வட ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டு மாடுகள் ஃபால்கர்க் சந்தையில் விலைபேசப்பட்டு, அங்கிருந்து பீபிள்ஸ், ஹாயிக் வழியாக மலைமுகடுகளில் நடத்தி இங்கிலாந்துக்கு ஓட்டப்பட்டன. பள்ளத்தாக்கில் விளைநிலமும் சுங்கமும் இருந்ததால் ஓட்டுநர்கள் உயரத்தையே நாடினார்கள். ரயில் வந்தபின் அந்தத் தொழில் மறைந்தது. புல் மூடிய அகன்ற தடங்கள் மட்டும் மிஞ்சின. இன்னர்லெய்தெனுக்குத் தெற்கே மின்ச் மூர் முகட்டின் மேல் போகும் வழி அவற்றில் ஒன்று. பார்வைக்கு இதைவிட அழகிய வழி இந்த நாட்டில் வேறில்லை. ஆனால் கல் போட்ட இடங்களைத் தாண்டினால் ஈரக் கரிமண்ணில் டயர் புதையும். கோடை உலர்ந்தால்தான் சைக்கிளுக்கு உகந்தது.

ரயில் பாதைகளின் முறை இதற்கு நேர்மாறு. டம்ஃப்ரீஸிலிருந்து மேற்கே ஸ்ட்ரான்ரார் நோக்கி 1861இல் திறக்கப்பட்ட பாதை 1965இல் மூடப்பட்டது. எடின்பரோவிலிருந்து ஹாயிக் வழியாகக் கார்லைலுக்குச் சென்ற வேவர்லி பாதை 1969இல் மூடப்பட்டது. அதன் வடபகுதி மட்டும் 2015இல் ட்வீட்பேங்க் வரை மறுபடி திறக்கப்பட்டது. கைவிடப்பட்ட ரயில் தடம் சைக்கிளுக்கு அருமையானது. ஏற்றம் பெரும்பாலும் இரண்டு சதவீதத்தைத் தாண்டாது. ட்வீட் பள்ளத்தாக்கில் பீபிள்ஸுக்கும் இன்னர்லெய்தெனுக்கும் நடுவே அப்படி ஒரு தடம் முழுமையாகச் சைக்கிள் பாதை ஆகியிருக்கிறது. ஆனால் பல இடங்களில் தடம் துண்டுதுண்டாக விற்கப்பட்டுவிட்டது, பாலங்கள் இடிக்கப்பட்டன. காலோவேயில் ஃப்ளீட் ஆற்றின் மேல் இருபது வளைவுகளோடு நிற்கும் பழைய ரயில் பாலத்தின் அடிவழியே தேசிய சைக்கிள் பாதை எண் 7 போகிறது. பிரித்து விற்ற தடத்தை மீண்டும் ஒன்றாக்குவது புதுச் சாலை போடுவதைவிடக் கடினம் என்பதை இந்தப் பகுதியின் வரைபடமே காட்டும்.

உண்மையில் வலைப்பின்னலை உண்டாக்கியது காட்டுத்துறை. முதல் உலகப் போரில் சுரங்கங்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் மரம் கிடைக்காமல் பிரிட்டன் திணறியது. காடு அப்போது நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே இருந்தது. 1919இல் வனத்துறை ஆணையம் அமைந்தது. ஆட்டுக்கும் உதவாத ஈர மலைச்சரிவுகளை வாங்கி, வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்ப்ரூஸை நட்டார்கள். எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் கீல்டரில் 1926இல் நடவு தொடங்கியது. 1947இல் காலோவே வனப் பூங்கா அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 770 சதுர கிலோமீட்டர். எஸ்க்டேல்மியூர் பகுதியில் தனியார் தோட்டங்கள் பெருகின. அரசுக் காடுகளை 2019 முதல் ஸ்காட்லாந்து வன-நில நிறுவனம் நிர்வகிக்கிறது.

நட்ட மரம் முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். அதை வெளியே கொண்டுவர 44 டன் லாரி காட்டுக்குள் போக வேண்டும். கூடவே கல்லும் தேவை. அதை வெளியிலிருந்து கொண்டுவந்தால் செலவு தாங்காது. ஆகவே காட்டுக்குள்ளேயே சிறு குவாரி வெட்டி, அங்கே கிடைக்கும் பாறையை உடைத்துப் பரப்பி, ரோலர் போட்டு இறுக்குவார்கள். அகலம் மூன்றரை மீட்டர் அளவில் இருக்கும், இருபுறமும் வடிகால், ஆங்காங்கே லாரி ஒதுங்க இடம். சுமை லாரி ஏற வேண்டும் என்பதால் ஏற்றம் பெரும்பாலும் பத்து சதவீதத்தை ஒட்டியே நிறுத்தப்படும். இது சைக்கிளுக்குப் பெரிய வரம். செங்குத்தான சரிவில்கூடச் சாலை வளைந்து வளைந்து, மிதிக்கத் தக்க ஏற்றத்திலேயே மேலே போகிறது. பாறை பெரும்பாலும் கிரேவாக்கி என்ற கருஞ்சாம்பல் மணற்பாறையும் களிப்பலகைப் பாறையும். காலோவேயின் சில பகுதிகளில் கருங்கல். கிரேவாக்கி உடைந்தால் முனை கூர்மையாகும். நன்றாக இறுகும், ஆனால் டயரின் பக்கவாட்டை அறுக்கும்.

லாரிக்கு நல்லதும் சைக்கிளுக்கு நல்லதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வெட்டு முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆன சாலைதான் சைக்கிளுக்குச் சிறந்தது. பொடிக்கல் மழையில் இறங்கி இடைவெளிகளை அடைத்திருக்கும். நடுவில் புல் முளைத்து, இரண்டு சக்கரத் தடங்கள் வழவழப்பாகக் கிடக்கும். அடுத்த வெட்டு நெருங்கும்போது கிரேடர் வந்து மேற்பரப்பைக் கிளறி, கைப்பிடி அளவுள்ள புதுக் கல்லைக் கொட்டிச் செல்லும். அப்போது அதே சாலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க நேரலாம். ஓராண்டு லாரிகள் ஓடியபின் மறுபடி இறுகும். இந்தச் சுழற்சியை அறியாதவர்கள் பழைய வழிகாட்டியை நம்பிப் போய் ஏமாறுகிறார்கள்.

காட்டுச் சாலைகளுக்குப் பிறகு வந்தவை மின்சாரத்துக்காகப் போட்டவை. 1930களில் காலோவே நீர்மின் திட்டம் கிளாட்டரிங்ஷாஸ் உள்ளிட்ட அணைகளைக் கட்டியது. அவற்றின் பராமரிப்புச் சாலைகள் இன்றும் உண்டு. அண்மைக் காலத்தில் காற்றாலைகள் இதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஈகிள்ஷம் மேட்டுநிலத்திலுள்ள வைட்லீ காற்றாலைப் பண்ணையில் 215 காற்றாலைகள் இருக்கின்றன; அவற்றை இணைக்கும் தடங்கள் 130 கிலோமீட்டருக்கு மேல். நீண்ட இறக்கைகளை ஏற்றிவரும் வண்டி திரும்ப வேண்டும் என்பதால் வளைவுகள் அகலமானவை, ஏற்றங்கள் மென்மையானவை. ஒரு பெருநகரத்தின் வாசலில், குழந்தையோடு போகும் குடும்பம் நாள் முழுக்கக் காரைப் பார்க்காமல் சைக்கிள் ஓட்டக்கூடிய இடம் இது. காற்றுக்கு மறைப்பே இல்லை என்பதுதான் ஒரே குறை. காற்று அடிக்கும் இடத்தில்தானே காற்றாலை நிற்கும்.

சட்டம் திறந்த வழி

சாலை இருந்தால் மட்டும் போதாது; அதில் போக உரிமை வேண்டும். இங்கேதான் ஸ்காட்லாந்து பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து விலகி நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், 2005 பிப்ரவரி முதல், பெரும்பாலான நிலங்களிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை அனைவருக்கும் வழங்கியது. நடப்பவர், குதிரையில் போகிறவர், சைக்கிளில் போகிறவர் மூவருக்கும் அது ஒன்றே. நிலம் அரசுடையதா தனியாருடையதா என்ற வேறுபாடு கிடையாது. வீட்டுச் சுற்றுப்புறம், பயிர் நிற்கும் வயல், கட்டடங்கள் போன்றவை விலக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி தவிர மோட்டார் வாகனத்துக்கு இந்த உரிமை கிடையாது. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரோடு, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொள்ளும் மின்-சைக்கிள் சாதாரண சைக்கிளாகவே கொள்ளப்படுகிறது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1968ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிளை அனுமதித்தது, நடைபாதைகளில் இல்லை. 2000ஆம் ஆண்டில் மலை, மேட்டுநிலங்களைத் திறந்துவிட்ட சட்டம் நடப்பவர்களுக்கு மட்டுமே அந்த உரிமையைத் தந்தது. ஆகவே கீல்டர் காட்டிலிருந்து எல்லையைக் கடக்கும் பயணி ஒரே மாதிரியான சரளையில், ஒரே மாதிரியான ஸ்ப்ரூஸ் மரங்களுக்கிடையே போனாலும், தெற்கே நில உரிமையாளரின் இசைவையோ பதிவான குதிரைப் பாதையையோ நம்பிப் போகிறார். வடக்கே தம் உரிமையில் போகிறார். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் எங்கெங்கோ கிடக்கும் தடங்களைச் சேர்த்து ஒரு நாள் பயணமாக, ஒரு வாரப் பயணமாகத் தொடுக்க முடிகிறது என்றால் அதற்கு முதல் காரணம் இந்தச் சட்டம்தான். ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருந்தால் நீண்ட வழி ஒன்றுகூட அமைந்திருக்காது.

சட்டம் உரிமையைத் தந்தது, பராமரிப்பைத் தரவில்லை. உள்ளாட்சி மன்றங்கள் முதன்மைப் பாதைகளைக் குறித்து வைக்க வேண்டும் என்கிறது. மற்றபடி சாலையின் செலவு மரத்தின் கணக்கிலும் மின்சாரத்தின் கணக்கிலும் போகிறது. சைக்கிளில் வருபவர் எதையும் செலுத்துவதில்லை. பூட்டிய கேட்டின் ஓரத்தில் சைக்கிள் நுழைய ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் போதும். அது இல்லாத இடங்களில் பையும் சாமானுமாகப் பதினைந்து இருபது கிலோ சைக்கிளைக் கம்பிவேலிக்கு மேல் தூக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை நடைமுறையில் தேய்வது இத்தகைய சின்ன இடங்களில்தான்.

தரைக்கேற்ற சைக்கிள்

பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். கிராவல் சைக்கிளுக்கு இந்த மலைநாட்டில் 40 முதல் 45 வேண்டும், புதுக் கல் கொட்டிய இடங்களுக்கு 50 ஆனாலும் நல்லது. காற்று 30 முதல் 40 பிஎஸ்ஐ. கல்லுப்போல் இறுக அடித்த டயர் வேகமாகப் போகும் என்ற எண்ணம் தார்ச்சாலையிலேயே முழு உண்மை இல்லை. சரளையில் அது தவறு. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்த உழைப்பு வீண். மெத்தென்ற டயர் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருள்கிறது. டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவம் ஊற்றிப் பயன்படுத்துவதே இப்போது வழக்கம். முள்ளும் சிறு கல்லும் போட்ட ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். கிரேவாக்கி அறுத்த பக்கவாட்டை மூடாது. அதற்கு உள்ளே வைக்கும் ஒட்டுத்துண்டும் ஒரு மாற்று டியூபும் கையில் இருக்க வேண்டும். பங்க்சர் கடை பல இடங்களில் இருபது மைலுக்குள் இருக்காது.

கியர் கணக்கு இன்னும் முக்கியம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறப் புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 155 வாட் தேவை. சரளையின் உராய்வுக்கு இன்னும் இருபது சொச்சம். பழக்கமுள்ளவரால் இதை ஒரு மணி நேரம் தரமுடியும். ஆனால் கால்கள் நிமிடத்துக்கு அறுபது சுற்றாவது சுழல வேண்டும். அந்த வேகத்தில் அறுபது சுற்று கிடைக்க முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் கொண்டவையாக இருக்க வேண்டும். சுமை கூடினால் பின்னது பெரிதாக வேண்டும். கியர் போதாதவர் எழுந்து நின்று மிதிப்பார். தார்ச்சாலையில் அது பயன்படும். தளர்ந்த கல்லில் எழுந்தவுடன் பின்சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறைந்து சக்கரம் வழுக்கிச் சுழலும். ஆகவே சரளை ஏற்றத்தை உட்கார்ந்தே ஏற வேண்டும்.

இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக் இன்றியமையாதது. ஈரமான ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை, சேறும் மணலும் சேர்ந்தால் ரிம்மையே அரித்துவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவது அடிப்படை. இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: நீண்ட இறக்கத்தின் முடிவில், கண்ணுக்கு மறைந்த வளைவைத் தாண்டியதும், குறுக்கே மூடிய கேட். ஆட்டு மேய்ச்சலும் காடும் சந்திக்கும் எல்லை பெரும்பாலும் மலையடியில்தான் இருக்கும் என்பதால் கேட்டும் அங்கேதான் இருக்கும். வரைபடத்தில் காட்டின் பச்சை நிறம் முடியும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்பவர் இதில் சிக்கமாட்டார்.

வழியைத் தொடுப்பது

இந்த மலைநாட்டில் ஒரு நாளுக்கு அறுபது கிலோமீட்டர், அதில் 1,200 மீட்டர் ஏற்றம் என்பது சுமையோடு போகிறவருக்கு முழு நாள் வேலை. தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவர் இங்கேயும் நூறு என்று திட்டம் போட்டால் இருட்டில் மாட்டிக்கொள்வார். ஜூன் நடுவில் பகல் பதினேழரை மணி நேரம். டிசம்பரில் ஏழு மணி நேரம்தான். காலோவே மலைகளில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். சாலை வடிகாலுள்ளது என்பதால் மழையிலும் ஓட்டலாம். உடல் நனைந்து, காற்றில் குளிர்ந்து, கை விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுப்பதுதான் சிக்கல். மே முதல் செப்டம்பர் வரை காற்றில்லாத மாலைகளில் மிட்ஜ் என்ற நுண்கொசு மொய்க்கும். பல பள்ளத்தாக்குகளில் செல்பேசி இணைப்பு கிடைக்காது. ஆகவே காகித வரைபடமோ முன்கூட்டியே தரவிறக்கிய வரைபடமோ தேவை. பிரிட்டிஷ் நில அளவைத்துறையின் 1:25,000 வரைபடம் ஒவ்வொரு வேலியையும் காட்டுவதால் கேட்டுகளைக் கண்டுபிடிக்க அதுவே சிறந்தது.

ஒதுங்க இடமும் உண்டு. ஆளில்லாத மலைக்குடில்களைப் பழுதுபார்த்துப் பூட்டாமல் திறந்து வைக்கும் தன்னார்வச் சங்கம் 1965இல் தோன்றியது. அது முதன்முதலாகச் சீர்செய்த குடில் காலோவே மலைகளிலுள்ள டன்ஸ்கீன். கட்டணம் கிடையாது, படுக்கை கிடையாது, மின்சாரம் கிடையாது. கூரையும் பெரும்பாலும் ஓர் அடுப்பும் உண்டு.

குறியிட்ட நீண்ட வழிகளில் எல்லாம் சைக்கிளுக்கு உகந்தவை இல்லை. போர்ட்பேட்ரிக்கிலிருந்து கிழக்குக் கரை வரை 344 கிலோமீட்டர் நீளும் சதர்ன் அப்லண்ட் வே 1984இல் நடைப்பயணிகளுக்காகத் திறக்கப்பட்டது. சட்டப்படி சைக்கிள் போகலாம். ஆனால் வேலி தாண்டும் படிகளும் சதுப்பும் அதன் பல பகுதிகளைப் பயனற்றதாக்குகின்றன. 2019இல் அறிவிக்கப்பட்ட கிரேட் நார்த் டிரெயில் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்திலிருந்து ஸ்காட்லாந்தின் வட முனை வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் போகிறது. கீல்டரைக் கடந்து, எல்லையை ஒட்டிய பார்டர்ஸ் மலைகளுக்குள் நுழையும் அதன் பகுதி, காட்டுச் சாலைகளையும் பழைய தடங்களையும் கோத்து வண்டியில்லா வழியை எப்படி அமைக்கலாம் என்பதற்கு நல்ல மாதிரி. மெக்மில்லனின் பெயரால் 2023இல் தொடங்கப்பட்ட கரையிலிருந்து கரைக்கான 400 கிலோமீட்டர் வழி இதிலிருந்து வேறுபட்டது. அது பெரும்பாலும் அமைதியான தார்ச்சாலைகளையே பயன்படுத்துகிறது. பந்தயங்களும் வந்துவிட்டன. கீல்டரில் 2016 முதல் டர்ட்டி ரீவர் என்ற 200 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. 2023 முதல் கேட்ஹவுஸ் ஆஃப் ஃப்ளீட் என்ற காலோவே சிற்றூரில் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் கிராவல் தொடரைச் சேர்ந்த பந்தயம் நடக்கிறது.

பிறருடைய வேலைக்களம்

பார்ப்பவருக்கு இது ஆளரவமற்ற வனாந்தரமாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ஏக்கரும் யாரோ பிழைக்கும் இடம். மார்ச் முதல் மே வரை ஆடுகள் குட்டி போடும் காலம். அப்போது மந்தைக்கு நடுவே வேகமாகப் போனால் தாயும் குட்டியும் பிரியும். கன்றோடு நிற்கும் பசுக்கூட்டம் மனிதருக்கே ஆபத்து. இறங்கிச் சுற்றிப் போவது நல்லது. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். திறந்திருந்த கேட்டை நல்லெண்ணத்தில் மூடினால், அப்பாலுள்ள ஓடையில் நீர் குடிக்கப் போன ஆடுகள் தவித்துப்போகும்.

மரம் வெட்டும் இடம் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெட்டும் இயந்திரத்தின் உள்ளிருப்பவருக்குப் பின்னால் வருகிற சைக்கிள் தெரியாது, மணியோசை கேட்காது. அடுக்கி வைத்த மரக்கட்டைகள் தொட்டால் உருளும். வார நாட்களில் வண்டியில்லாச் சாலை என்று சொல்லப்படுவதிலேயே 44 டன் லாரி எதிரே வரலாம். தற்காலிக மூடல் அறிவிப்பை மதிக்க வேண்டும் என்று வெளிப்புற நடமாட்ட நெறிமுறை கேட்கிறது. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடக்காது. திட்டமிடாத வெட்டுகளும் உண்டு. லார்ச் மரத்தைக் கொல்லும் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற நுண்ணுயிரி நோய் ஈரமான காலோவேயில் கடுமையாகப் பரவியதால், முதிராத லார்ச் காடுகளையே அடியோடு வெட்ட வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 26 இரவில் அடித்த ஆர்வென் புயல் பார்டர்ஸ் பகுதியிலும் வடக்கு இங்கிலாந்திலும் மரங்களைச் சாய்த்து, பல வழிகளை நெடுநாள் அடைத்துப் போட்டது.

வருபவர்கள் பெருகுவதை இங்குள்ளவர்கள் எல்லோரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. விடுதியும் உணவகமும் நடத்துபவர்களுக்கு அது வருமானம். விவசாயிகளிலும் மரத்தொழிலாளரிலும் பலருக்கு அது கட்டுப்பாட்டின் முன்னறிவிப்பு. காலோவேயைத் தேசியப் பூங்காவாக்கும் திட்டம் 2024இல் முன்மொழியப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2025 மே மாதத்தில் கைவிடப்பட்டதில் இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. சைக்கிள் அந்த விவாதத்தின் மையத்தில் இல்லை. ஆனாலும் சரளைச் சாலைகளின் எதிர்காலம் இதே மனிதர்களின் இசைவைச் சார்ந்தது. சட்டம் தந்த உரிமை அவர்களுடைய பொறுமையையும் சேர்த்துத் தருவதில்லை.

மிச்சமிருக்கும் பெரிய குறை தொடர்ச்சி. காட்டுச் சாலை லாரிக்காகப் போட்டது. ஆகவே அது காட்டிலிருந்து நேராக நெடுஞ்சாலைக்குப் போய் முடியும், அடுத்த காட்டுக்குப் போகாது. கிரெட்னாவிலிருந்து ஸ்ட்ரான்ரார் வரை போகும் ஏ75 சாலை, கெய்ர்ன்ரயன் துறைமுகத்தில் வட அயர்லாந்துக் கப்பலுக்குப் போகும் சரக்கு லாரிகளால் நிறைந்தது. காலோவே மலைகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் நடுவே குறுக்காக அது நீண்டு கிடக்கிறது. நாள் முழுக்க அமைதியில் வந்தவர் அதைக் கடக்கவோ, அதில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகவோ நேரும்போது, அதுவரை கிடைத்த பாதுகாப்பு முழுவதும் பறிபோகிறது. குடும்பங்களும் புதியவர்களும் இத்தகைய வழிகளைத் தவிர்ப்பதற்கு ஏற்றம் காரணமில்லை. இந்தச் சில கிலோமீட்டர்தான் காரணம். ரயிலில் வந்து இறங்குவதும் எளிதில்லை. கிழக்கே ட்வீட்பேங்க், நடுவே லாக்கர்பி, டம்ஃப்ரீஸ், மேற்கே பார்ஹில், ஸ்ட்ரான்ரார் என நிலையங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவை. பெரும்பாலோர் சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டே வருகிறார்கள்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. மர லாரிகள் சிற்றூர்ச் சாலைகளைப் பாழாக்குவதைத் தவிர்க்க, அரசு நிதியோடு காட்டுக்குள்ளேயே ஒரு காட்டை இன்னொன்றோடு இணைக்கும் லாரிப் பாதைகள் தென் ஸ்காட்லாந்தில் போடப்பட்டிருக்கின்றன. லாரிக்காகப் போட்ட அதே இணைப்பு வார இறுதியில் சைக்கிளுக்கும் வழியாகிறது. கேட்டின் ஓரத்தில் இடைவெளியும், நெடுஞ்சாலையைக் கடக்குமிடத்தில் எதிரே நேராகத் தொடரும் தடமும் சேர்த்துத் திட்டமிட்டால் கூடுதல் செலவு அற்பம். ஏ75 போன்ற சாலைகளின் ஓரத்தில் வேலிக்கு அப்பால் சில நூறு மீட்டர் சரளைத் தடம் போடுவதற்கு வேண்டிய கல் பக்கத்துக் காட்டுக் குவாரியிலேயே கிடைக்கிறது. சாலைத்துறை, வன நிறுவனம், நில உரிமையாளர் மூவரும் ஒப்ப வேண்டும் என்பதால்தான் இவை தாமதமாகின்றன.